எழுந்து நில்... எழுது!

“இனிமேல் எழுதி என்ன ஆகப்போகிறது?” என்று கேட்கிறாயே, முதலில் நிமிர்ந்து உட்கார்!

கேள்வியில் குற்றமில்லை. கேட்கிற குரலில் ஒரு நடுக்கம் இருக்கிறதே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சாட்ஜிபிடியிடம் இரண்டு வரி தட்டினால் போதும், வெண்பா என்ற பெயரில் எதையோ கொட்டுகிறது. சிறுகதை கேட்டால் தலைப்போடு தருகிறது. அதைப் பார்த்து மிரண்டு, நேற்று எழுத வந்த பிள்ளைகள் இன்று பேனாவை மூடி வைக்கிறார்கள். களத்தில் இறங்குவதற்கு முன்பே வெள்ளைக்கொடி! பார்க்கப் பார்க்க எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

நான் பூன் லேயில் குடியிருப்பவன். தமிழில் கதை எழுதுகிறவன். செயற்கை நுண்ணறிவு விஷயத்தில் என் நிலைப்பாட்டைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் கதையை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை நானே எழுதுவேன். எந்திரத்துக்கு என் மேசையில் எடுபிடி வேலை உண்டு, எழுத்தாளன் நாற்காலி கிடையாது. என் எழுத்தை அது படிக்க வேண்டுமானால், என்னைக் கேட்டுவிட்டுப் படிக்கட்டும்.

பயந்து எடுத்த முடிவு என்று நினைக்காதே. எந்திரத்தின் மேல் எனக்குப் பகையும் கிடையாது. அதன் கையிருப்பு என்ன, என் கையிருப்பு என்ன என்று கணக்குப் பார்த்துத்தான் இந்த முடிவுக்கு வந்தேன். அந்தக் கணக்கை நீயும் ஒருமுறை போட்டுப் பார்.

எந்திரத்தின் கையிருப்பு

இந்த எந்திரங்கள் மந்திரத்தில் ஓடவில்லை. மனிதர்கள் எழுதி, கணினியில் ஏறியிருக்கும் கோடிக்கணக்கான பக்கங்களை அவற்றுக்கு ஊட்டுகிறார்கள். இந்தச் சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று அந்தப் பக்கங்களைக் கொண்டே அவை பழகுகின்றன. பழகியதை வைத்துப் புதிதாகக் கோக்கின்றன. ஆக, யாரோ எழுதி வைத்ததுதான் அவற்றின் சொத்து. யாரும் எழுதாத இடம் அவற்றுக்கு இருட்டு.

அந்தச் சொத்தில் தமிழின் பங்கு எவ்வளவு? இணையத்தில் கிடக்கும் எழுத்தில் ஆங்கிலத்துக்குத்தான் பெரும்பங்கு. தமிழ் ஒரு விழுக்காட்டைக்கூட எட்டாது. ஒருங்குறியில் சேமிக்கும்போது ஓர் ஆங்கில எழுத்து ஒரு பைட்டில் அடங்கிவிடும். நம் ‘க’வுக்கு மூன்று பைட், ‘கி’ என்றால் ஆறு. அதனாலேயே பல எந்திரங்கள் தமிழ் வாக்கியத்தைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் விழுங்குகின்றன. இந்தக் குறையைச் சிங்கப்பூர் உணர்ந்தது. 2023 டிசம்பரில் 70 மில்லியன் வெள்ளி செலவில் தேசியப் பெருமொழி மாதிரித் திட்டத்தை அறிவித்தது. ‘ஏஐ சிங்கப்பூர்’ உருவாக்கிய ‘சீ-லயன்’ மாதிரி, தென்கிழக்காசியாவில் புழங்கும் 11 மொழிகளைக் கற்றுக்கொண்டு வந்தது. அதில் தமிழும் ஒன்று. நம் மொழியை ஒதுக்காமல் சேர்த்தார்களே என்று மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் அந்தத் தமிழுக்குள் சிங்கப்பூர்த் தமிழ் எத்தனை பக்கம்? அதற்குள் பூன் லே எத்தனை வரி? “சிங்கப்பூர்த் தமிழர் வாழ்க்கையை ஒரு கதையாக எழுது” என்று எந்திரத்திடம் கேட்டுப் பார். தேக்காவில் ஒரு பூக்கடை, சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்கு, கடைசியில் ஒரு பாட்டியின் ஆசீர்வாதம். பெரும்பாலும் இப்படித்தான் வந்து நிற்கும். அதற்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

இரவு ஒன்பது மணிக்குப் பூன் லே பேருந்து முனையத்துக்கு வா. வேலை முடிந்து, விடுதிக்குப் போகும் பேருந்துக்காக வரிசையில் நிற்கிறாரே ஒரு புதுக்கோட்டைக்காரர், அவர் கைப்பேசியைப் பார். ஊரில் அப்போது மாலை ஆறரை. திரையில் மகள் வீட்டுப்பாடம் ஒப்பிக்கிறாள். வரிசை நகர நகர இவரும் நகர்ந்துகொண்டே எட்டாம் வாய்ப்பாட்டைத் திருத்துகிறார். காலையில் பூன் லே பிளேஸ் உணவங்காடிக்குப் போ. நாசி லெமாக் கடை முன்னால், மலாய்க்கார அக்காவிடம் மலாயில் வம்பளந்துவிட்டு, பின்னால் நிற்கும் சீன நண்பரிடம் ஹொக்கியனில் நாலு வார்த்தை பேசிவிட்டு, பேத்தியிடம் தமிழுக்குத் திரும்புகிறார் கப்பல் பட்டறையில் உழைத்து ஓய்ந்த ஒரு தாத்தா. உன் புளோக்கின் மின்தூக்கியில் தினமும் ஏறி இறங்கும் முகங்களை எண்ணிப் பார். இவர்களில் எத்தனை பேர் தமிழில் எழுதப்பட்டிருக்கிறார்கள்?

பெரும்பகுதி வெற்றுத்தாளாகக் கிடக்கிறது. வெற்றுத்தாளைப் படிக்க எந்திரத்தால் ஆகாது. அதில் எழுத வேண்டியவற்றைக் கண்ணால் பார்த்த ஆள் நீதான். இவ்வளவு பெரிய சொத்தை மடியில் கட்டிக்கொண்டா ஏழையைப் போல் அழுகிறாய்?

அண்ணாசாமி எப்படிப் பிறந்தார்?

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் தொடங்கப்பட்டது. கம்பத்து வீடுகளில் வாழ்ந்த மக்கள் அடுக்குமாடிக்கு ஏறினார்கள். மேல்வீட்டில் உலக்கை இடித்தால் கீழ்வீட்டில் தூக்கம் போகும் வாழ்க்கை தமிழர்களுக்கும் புதிது, தமிழுக்கும் புதிது. சென்னை இதழ்களில் அதற்கு மாதிரி கிடையாது. பார்த்து எழுத ஒரு முன்னோடிக் கதையும் கிடையாது.

அப்போது ஒருவர் எழுதினார். ஜொகூரில் 1932இல் பிறந்த பி. கிருஷ்ணன். புதுமைப்பித்தன் மேல் கொண்ட பற்றால் ‘புதுமைதாசன்’ என்று பெயர் வைத்துக்கொண்டவர். சிங்கப்பூர் வானொலியில் பணியாற்றியவர். அவர் எழுதிய ‘அடுக்குவீட்டு அண்ணாசாமி’ என்ற வானொலித் தொடர் நாடகத்துக்கு இங்குள்ள தமிழர்கள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். காரணம் எளிது. அவர்கள் வீட்டுப் பேச்சு அவர்கள் வானொலியில் கேட்டது. 2008இல் நாடு அவருக்குக் கலாசாரப் பதக்கம் அளித்தது.

யோசித்துப் பார். அன்றைக்கு உலகத்தில் இருந்த எல்லாத் தமிழ்ப் புத்தகங்களையும் ஓர் எந்திரத்துக்கு ஊட்டியிருந்தாலும் அண்ணாசாமி வந்திருப்பாரா? மாட்டார். அந்த மனிதர் புத்தகத்தில் இல்லை, அடுத்த வீட்டில் இருந்தார்! அவரைப் பார்க்க ஒரு கண்ணும், கேட்க ஒரு காதும், எழுத ஒரு துணிச்சலும் தேவைப்பட்டன. உனக்கும் இரண்டு கண்ணும் இரண்டு காதும் இருக்கின்றன. துணிச்சல்தான் பாக்கி.

“இன்றைக்கு எழுதப்படாத பூன் லேயை நாளைக்கு அது கற்றுக்கொண்டுவிடுமே” என்று நீ மடக்குவாய். கற்றுக்கொள்ளட்டும்! யாரிடமிருந்து கற்கும்? முதலில் எழுதிய ஒருவரிடமிருந்துதானே? அந்த முதல் ஆள் நீயாக இரு. பின்னால் வருவது நகலுக்கு ஓடட்டும், மூலத்தின் மேல் உன் பெயர் இருக்கும்.

1887ஐ நினைத்துக்கொள்

கருவியைக் கண்டு மிரள்வது நம் மரபே இல்லை. 1887ஆம் ஆண்டை எடுத்துக்கொள். தமிழ்நாட்டில் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். அதே ஆண்டு சிங்கப்பூரில் சி.கு. மகதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அந்த இதழில் வந்த ‘விநோத சம்பாஷணை’யை இந்த ஊரின் முதல் தமிழ்ச் சிறுகதையாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

இருவருக்கும் கையில் கிடைத்த கருவி அச்சு எந்திரம். இருவரும் அதைக் கண்டு ஓடவில்லை, அதன் காலிலும் விழவில்லை. ஊர் ஊராக அலைந்து ஏடு தேடியவர் ஐயர். பாடம் ஒப்பிட்டவர் ஐயர். அச்சு அவருக்கு மை பூசிக் கொடுத்தது, அவ்வளவே. கருவிக்குக் கருவியின் வேலையைக் கொடு, உன் வேலையை நீ செய். நூற்றாண்டு கடந்த இந்த ஒழுங்கைத்தான் நானும் கடைப்பிடிக்கிறேன்.

மூளையைக் கொடுத்துவிட்டு எந்திரம் எழுதித் தந்ததைத் தன் பெயரில் போட்டுக்கொள்கிறவர்களைப் பார்க்கிறேன். ஒட்டு மீசையை முறுக்கிக்கொண்டு வீரம் பேசுகிற கூத்து அது. வியர்த்தால் கழன்றுவிடும்! மேடையில் ஒருவர் எழுந்து, “இந்த வரியை ஏன் இப்படி எழுதினீர்கள்?” என்று கேட்டால் என்ன பதில் சொல்வாய்? எழுதியவனுக்குத்தான் காரணம் தெரியும். எழுதி எழுதி, அடித்து அடித்து, ஒரு வாக்கியத்துக்காக ராத்தூக்கத்தைத் தொலைத்துத்தான் எழுத்தாளன் உருவாகிறான். அந்தப் பயிற்சியை எந்திரத்துக்குத் தாரைவார்த்தால் கதை ஒருவேளை முடியும், நீ தொடங்கவே மாட்டாய்.

போகிற வேலை போகும்

உன்னிடம் பொய் சொல்லி உற்சாகம் ஏற்ற எனக்கு விருப்பமில்லை. சில வேலைகள் போகும். கடைத் திறப்புக்கு விளம்பர வாசகம், திருமண மலருக்கு வாழ்த்துப்பா, நிறுவனக் குறிப்பேட்டுக்கு மொழிபெயர்ப்பு என்று நம்மில் பலர் பிழைத்த சின்னச் சின்ன வேலைகளில் எந்திரம் கை வைத்துவிட்டது. அந்த வருமானத்தை நம்பி மாதத்தை ஓட்டியவருக்கு இது வலிக்கும். வலியை மறைக்கச் சொல்ல மாட்டேன்.

அதற்காகத் தலையில் கைவைத்து உட்காரவும் விடமாட்டேன். எந்திரம் உமிழ்ந்த தமிழைச் சரிபார்க்கத் தமிழ் தெரிந்த கண் வேண்டும். பொது அறிவிப்பில் ஓர் எழுத்துப் பிசகினால் இந்த ஊரில் எத்தனை பேர் கொதித்தெழுகிறார்கள் என்று உனக்கே தெரியும். அந்தக் கண்ணாக நீ ஆகு. உன் கூலியைத் தலை நிமிர்ந்து கேள். வாழ்த்துப்பாவை எவரும் எழுதலாம் என்ற நிலை வந்துவிட்டதா? சரி, எவராலும் எழுத முடியாததை எழுதும் காலம் உனக்கு வந்துவிட்டது!

கேட்டால் கொடுப்பேன், எடுத்தால் விடமாட்டேன்

எழுதுவதில் காட்டும் துணிச்சலை உரிமை கேட்பதிலும் காட்டு.

2024இல் இங்கே ஒரு நிகழ்வு. தேசிய மாதிரியைப் பயிற்றுவிக்க உங்கள் படைப்புகளைத் தருவீர்களா என்று சிங்கப்பூர் எழுத்தாளர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. பலர் உடனே தலையாட்டவில்லை. பதிப்புரிமைக்கு என்ன பாதுகாப்பு, ஊதியம் உண்டா, எந்தப் பயன்பாட்டுக்குப் போகும் என்று திருப்பிக் கேட்டார்கள். இத்தனைக்கும் இந்நாட்டின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், முறைப்படி கையில் கிடைத்த படைப்பைக் கணினிவழித் தரவு ஆய்வுக்காக நகலெடுக்க இடம் தருகிறது. சட்டத்தில் இடமிருந்தும் கேட்டார்கள் என்பது ஒரு நாகரிகம். கேட்டதும் தலையாட்டாமல் நிபந்தனை பேசினார்கள் என்பது ஒரு தன்மானம். இரண்டையும் நான் மதிக்கிறேன்.

தமிழ் எழுத்தாளர்கள் கொடுக்கத் தெரியாதவர்கள் என்று எவரும் சொல்லிவிட முடியாது. 2015இல் நாடு 50 வயதைக் கொண்டாடியபோது, அருண் மகிழ்நனும் தொண்டூழியர்களும் தேசிய நூலக வாரியத்தோடு சேர்ந்து தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தை நடத்தி முடித்தார்கள். 350க்கும் மேற்பட்ட சிங்கப்பூர்த் தமிழ் நூல்கள் மின்வடிவம் பெற்றன. எழுத்தாளர்கள் மனம் உவந்து இசைவு தந்தார்கள். மரியாதையோடு கேட்டால் நம் ஆட்கள் அள்ளிக் கொடுப்பார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இசையுலகத்தையும் பார். ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிறி எழுடா’ பாட்டில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஆர். ரகுமான் செயற்கை நுண்ணறிவால் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்றதாகவும் உரிய ஊதியம் கொடுத்ததாகவும் 2024 ஜனவரியில் அவரே அறிவித்தார். அதே காலத்தில் ‘கீடா கோலா’ என்ற தெலுங்குப் படத்தில் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் குரல் அனுமதி கேட்காமல் உருவாக்கப்பட்டது என்று அவர் மகன் சரண் வழக்கறிஞர் அறிவிக்கை அனுப்பினார். 2025 ஆகஸ்டில் ‘அம்பிகாபதி’ படத்தின் முடிவை எந்திரத்தால் மாற்றித் திரையிட்டபோது, இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் வெளிப்படையாக எதிர்த்தார்கள். கேட்டுச் செய்தால் கலை, கேட்காமல் செய்தால் களவு. என் தராசில் வேறு முள் கிடையாது.

குரல் எழுப்பினால் பலன் வருமா என்கிறாயா? அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 2023இல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எந்திரத்தை எழுத்தாளராகக் கருதக் கூடாது, அதைப் பயன்படுத்தச் சொல்லி எழுத்தாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். அவர்கள் மொழி பெரியது, சங்கம் பெரியது என்று ஒதுங்காதே. சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் 1976 முதல் இருக்கிறது. கவிமாலை இருக்கிறது, வாசகர் வட்டம் இருக்கிறது. அங்கே போ, எழுந்து பேசு. பேசாத வாய்க்குப் பங்கு கிடைத்ததாக வரலாறு இல்லை.

நான் எடுத்த மூன்று உறுதிகள்

முதல் உறுதி: முதல் வரைவு என்னுடையது. கரு, ஆள், பேச்சு, வாக்கியம், முடிவு ஆகியவற்றில் எந்திரத்தின் மூச்சுக்காற்றும் படக் கூடாது. தடுமாறினால் தடுமாறட்டும். என் தடுமாற்றத்தில் என் குரல் இருக்கிறது.

இரண்டாம் உறுதி: எடுபிடி வேலைக்குத் தயங்காமல் கூப்பிடுவேன், கூப்பிட்டதை ஒளிக்க மாட்டேன். எழுத்துப்பிழை காட்டட்டும். நீண்ட அரசாங்க அறிக்கையைச் சுருக்கித் தரட்டும். அது சொல்லும் ஆண்டையும் பெயரையும் நூலகத்தில் சரிபார்க்காமல் எழுத மாட்டேன்; அது கூசாமல் பொய்யும் சொல்லும். பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் நின்ற தம்பி ஒருவர் என்னிடம் சொன்னார்: “அண்ணே, ரூமுக்குப் போனா விரல் மடங்கல. போன்ல பேசிடுவேன், அது தமிழ்ல எழுதிடுது. அப்புறமா லீவு நாள்ல உக்காந்து திருத்துவேன்.” அவர் கவிதையில் ஒவ்வொரு சொல்லும் அவருடையது. எந்திரம் அவருக்கு விரலாக இருந்தது. இப்படிப் பயன்படுத்து, நான் கை தட்டுவேன்.

மூன்றாம் உறுதி: அனுமதி, பெயர், ஊதியம். என் எழுத்துக்கு இம்மூன்றும் கேட்பேன். பிறர் படைப்பை நான் தொடும்போது இதே மூன்றையும் நான் கொடுப்பேன். எனக்கு ஒரு நீதி, ஓவியனுக்கும் பாடகனுக்கும் வேறு நீதி என்று வைத்துக்கொண்டால் என் கோபத்துக்கு மதிப்பேது?

சிரித்தவர்கள் சிரிக்கட்டும்

“பூன் லேயைப் பற்றிக் கதையா? அதில் என்ன இருக்கிறது, தொழிற்சாலையும் பேருந்தும்தானே?” என்று சிரிப்பார்கள். இந்த மண்ணுக்குச் சிரிப்பு புதிதல்ல. சியூ பூன் லே என்ற தோட்ட அதிபரின் பெயரைத் தாங்கிய வட்டாரம் இது. ஒரு காலத்தில் சுற்றிலும் சதுப்பும் தோட்டமும். 1961இல் ஜூரோங்கில் தொழிற்பேட்டை அமைக்க அன்றைய நிதியமைச்சர் கோ கெங் சுவீ இறங்கியபோது, அதைக் ‘கோவின் முட்டாள்தனம்’ என்று கேலி பேசினார்கள். அவர் பின்வாங்கவில்லை. மலையைச் சரித்துச் சதுப்பைத் தூர்த்தார்கள். இரும்பு எஃகு ஆலை எழுந்தது, கப்பல் பட்டறை எழுந்தது, ஆயிரமாயிரம் வீடுகளில் அடுப்பு எரிந்தது. 1990இல் பூன் லேக்கு எம்ஆர்டி வந்தபோது மேற்கே அதுதான் கடைசி நிலையம். இன்று பாதை அதைத் தாண்டித் துவாஸ் வரை ஓடுகிறது. கேலி பேசியவர்களின் பெயர் உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது.

சதுப்பில் ஊர் கட்டிய மண்ணில் குடியிருந்துகொண்டு வெற்றுத்தாளைக் கண்டு நடுங்கலாமா?

தேசிய கலைகள் மன்றத்தின் தங்கமுனை விருதுக்குத் தமிழ்ச் சிறுகதையும் கவிதையும் அனுப்பலாம். சிங்கப்பூர் இலக்கியப் பரிசில் தமிழுக்கு இடம் இருக்கிறது. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு இன்றும் வெளிவருகிறது. கதவுகள் திறந்துதான் இருக்கின்றன. நுழைய வேண்டிய கால்தான் வாசலில் நின்று யோசிக்கிறது.

போதும் யோசித்தது. கைப்பேசியைக் கவிழ்த்து வை. உன் புளோக்கில் நீ நன்றாக அறிந்த ஒருவரைத் தேர்ந்தெடு. அவர் நடை, அவர் பேச்சு, அவர் யாரிடமும் சொல்லாத ஒரு கவலை, இவற்றை ஒரு பக்கம் எழுது. இன்றைக்கே எழுது. நன்றாக வரவில்லையா, கிழித்துவிட்டு மறுபடியும் எழுது. உன் ஊரை எழுத உலகத்தில் உன்னைவிடத் தகுதியான ஆளும் கிடையாது, எந்திரமும் கிடையாது. எழுந்து நில், எழுது!